குப்பை வண்டிக்கு அதன் பாட்டைத் திருப்பித் தருவது பற்றி

அனுப்புநர்
இஸ்திரிக் கடைக்காரர்
(எழுத்து தெரியாதவர்; சொல்லி எழுதியது),
சபை மண்டப வாசலுக்கு நேர் எதிர்க் கடை,
மண்டபத் தெரு.

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
குப்பை வண்டிகள் பிரிவு, முதல் மாடி,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஞாயிறு மாலை மண்டபத் தெருவில் வரும் குப்பை வண்டியின் பாட்டை நிறுத்திய உத்தரவு – அதனால் ஒரு பெண் குழந்தை மண்டபத்துக்குள் போக முடியாமல் வாசலிலேயே நிற்பது – உத்தரவில் பாதியை மட்டும் திரும்பப் பெற வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: அதே பாட்டை நிறுத்தக் கோரி மேற்படி சபையின் வாலிபர் கூட்டத்தார் முன்பு கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, எதிர்க் கடைக்காரன் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது.

1. முதலில் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்வையில் கண்ட மனுவையும் இந்த மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கை எழுதியது என்று தெரியும். அது பாட்டை நிறுத்தச் சொல்கிறது, இது பாட்டைக் கேட்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு நாக்கு என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. அதை எழுதியவள் வாலிபர் கூட்டத்தின் செயலாளர், மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். இதையும் அவள்தான் எழுதுகிறாள், சொல்வது நான். டாக்டர் எழுதுகிற சீட்டையே படிக்கிறவள் இந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் என்பதால் அவளைப் பிடித்தேன். நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

2. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. அந்தச் சபையின் சட்டைகளுக்கு உறவுக்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஞாயிறு ஆராதனைக்குள் போகிற மடிப்பில் பாதி என் மேசையில் விழுந்த மடிப்பு. மண்டபத்தின் இரும்புக் கதவுக்கும் என் மேசைக்கும் நடுவில் தெரு மட்டும்தான். கதவு திறந்திருந்தால் உள்ளே பாய் விரிப்பது வரை தெரியும். எனக்குத் தேதி நிற்காது, துணி நிற்கும். யார் என்றைக்கு எந்தச் சட்டையில் வந்தார் என்று கேளுங்கள், சொல்வேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான். சந்தேகம் வந்தால் சட்டைக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளலாம்.

3. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது என்று இவர்கள் முடிவெடுத்தது, போதகர் புது வெள்ளை அங்கி தைத்த சமயம். அப்படியென்றால் என்ன என்று செயலாளரைக் கேட்டேன். 'உலகம் அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சத்தமா, கூடுதல் வெளிச்சமா இருக்கும் தாத்தா. சிலருக்குப் பேச்சு வேற வழியில வரும். எப்பவும் நடக்கிற மாதிரியே நடந்தா நிம்மதி' என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். இவ்வளவும் தெரிந்துகொண்டு முதல் நாள் இவர்கள் செய்த காரியத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ட்ரம், கிட்டார், ஜால்ரா எதையும் உள்ளே விட்டு வைக்கவில்லை. கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று குலுக்கினார்கள். சந்தோஷம் வந்தால் இவர்களுக்குச் சத்தமாகத்தான் வரும், அப்படியே வளர்ந்தவர்கள். ஒரு பையன் செருப்பு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு பிள்ளை தெருவைத் தாண்டி ஓடி வந்து என் மேசைக்கு அடியில் புகுந்து, தேய்த்து வைத்திருந்த படுக்கை விரிப்புக்குள் தலையை விட்டுக்கொண்டது. பாட்டு முடிவதற்குள், வரவேற்கப்பட வேண்டியவர் ஒருவர்கூட வாசலில் இல்லை.

4. அடுத்த ஞாயிறு பயந்துபோய் நேர் எதிராகச் செய்தார்கள். எல்லாரும் சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மூச்சுவிடுவதே கேட்காதபடி இருந்தார்கள். கிட்டார் வாசிக்கிற தம்பி தும்மல் வந்து வாயைப் பொத்தி முகம் சிவந்துபோனான். உள்ளே வந்த ஒரு பையன் நின்று, சுற்றிலும் பார்த்து, தன் அம்மாவிடம் தெருவுக்கே கேட்கும்படி, 'யாரும்மா செத்துட்டாங்க?' என்று கேட்டான். அந்தப் பையனைப் பற்றிப் பின்னால் வருகிறது. அவன் பேச்சு எழுத்தில் இருப்பது போலத் திருத்தமாக இருக்கும் என்பதால் தெருவில் அவனுக்குச் 'செய்தி வாசிப்பவர்' என்று பெயர். அன்றைக்கு மட்டும்தான் அவன் சாதாரணமாகப் பேசி நான் கேட்டது.

5. அதற்குப் பிறகுதான் இவர்களுக்குக் கேட்கத் தோன்றியது. பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டார்கள், சொல்ல முடிந்த பிள்ளைகளைக் கேட்டார்கள். சொல்லாத பிள்ளைகளை உட்கார்ந்து பார்த்தார்கள். கைதட்டுவது போய், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவது வந்தது. எனக்கு எதிரில் இருந்து பார்த்தால் ஊரே சேர்ந்து பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இருக்கும். மினுக்கிக்கொண்டிருந்த குழல் விளக்கைக் கழற்றினார்கள். ட்ரம் பரணுக்குப் போயிற்று. வாசலில் ஒரே ஒருத்தி, எப்போதும் செயலாளர், உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். தொட விருப்பம் உள்ள பிள்ளை தொடும், இல்லாத பிள்ளை தாண்டிப் போகும். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை. ஜெபம் நடக்கும்போது ஒரு பிள்ளை சுற்றிச் சுற்றி நடக்கும், அதற்கும் இடம் விட்டுப் பாய் போட்டார்கள். வயதான மூப்பர் ஒருவர், 'இது ஜெபக் கூட்டமா, விளையாட்டு மைதானமா' என்று கேட்டார். போதகர், 'இப்போதைக்கு இரண்டும்' என்றார். அந்த மூப்பர் இப்போது தவறாமல் வந்து அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நடக்கிறார், முழங்காலுக்கு நல்லது என்கிறார்.

6. இனி இந்த மனுவுக்குரிய குழந்தை. பள்ளி வயதுப் பெண். அவள் பேசுவதில்லை. மழை வெயில் எதுவானாலும் மடக்கிய பச்சைக் குடை ஒன்று கையில் இருக்கும், அதனால் எல்லாருக்கும் அவள் குடைக்காரி. தாய் ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிற வேலை, தனியாக வளர்க்கிறவள். குடைக்காரி வந்ததும் நேராக உள்ளே போகமாட்டாள். என் மேசைக்குப் பக்கத்தில், சாக்கடை மூடிய பலகைக் கல்லின் மேல் குடையின் முனையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். சிறிது நேரம் கழித்துத் தானாகக் குடையைத் தூக்குவாள், தெருவைத் தாண்டுவாள், செயலாளரின் உள்ளங்கையைக் குடையின் கைப்பிடியால் ஒரு தொடு தொட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே அவளுக்கு ஒரு வேலை உண்டு. பாட்டுப் புத்தகங்களை அவள்தான் அடுக்குவாள். புதுசு ஒரு பக்கம், கிழிந்தது ஒரு பக்கம் என்று நாம் அடுக்குவோம். அவள் எப்படி அடுக்குகிறாள் என்று யாருக்கும் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கலைத்துக் கொடுத்தால் மறுபடி அதே வரிசைக்கு வந்துவிடும். கிட்டார் தம்பி கண்டுபிடிக்கிறேன் என்று புத்தகங்களை முகர்ந்துகூடப் பார்த்தான்.

7. அவள் உள்ளே போனதும் தாய் என் கடை முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கூட்டம் முடிகிற வரைக்கும் தூக்கம். நான் இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைக்கிற சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். வாரத்தில் அவள் கண்ணை மூடுகிற நேரம் அதுதான் என்று ஒருநாள் சொன்னாள்.

8. தங்கள் குப்பை வண்டியைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது இல்லை. வார்த்தை இல்லாத ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கமிருந்து வரும், மண்டபத்தைத் தாண்டும், முனையில் திரும்பும். பின்பு வேலை முடிந்து அதே தெருவில் அதே பாட்டோடு திரும்பி வரும். தாங்கள் அலுவலகத்தில் இருப்பதால் ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். எங்கள் தெருவுக்கு வருகிற வண்டியின் ஒலிபெருக்கி கிழிந்திருக்கிறது. பாட்டு நடுவில் ஒரு இடத்தில் விக்கும். விக்கி, நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு மீதியைப் பாடும். தினமும் கேட்கிற சத்தம் காதுக்குள் போவதில்லை. எங்கள் யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

9. ஒருவனுக்கு இருந்தது. கூட்டம் நடுவில் இருக்கும்போது வண்டி திரும்பி வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, குப்பையைப் பொறுத்தது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கிற நேரம் திடீரென்று பாட்டு வந்தால் செய்தி வாசிப்பவர், சத்தத்துக்காக எப்போதும் மாட்டியிருக்கிற காதடைப்பானையும் மீறிக் கீபோர்டுக்கு அடியில் புகுந்து, தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். பார்க்கப் பொறுக்காது. செயலாளர் அன்றைக்கே உட்கார்ந்து தங்களுக்கு மனு எழுதினாள். தாங்களும் தாமதமில்லாமல், மண்டபத் தெருவில் ஞாயிறு மாலை வண்டி பாட்டே போடக் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். மனு கொடுத்து இவ்வளவு சீக்கிரம் காரியம் நடந்ததை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. வாலிபர்கள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். தங்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

10. அடுத்த ஞாயிறு, கிட்டார் தம்பி காலரில் மை பட்ட நீலச் சட்டையில் வந்தான். வண்டி சத்தமில்லாமல் வந்தது, போனது. குடைக்காரி என் மேசைப் பக்கத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிள்ளைகளெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள், கதவு சாத்தப்பட்டது, ஜெபம் நடந்தது, கதவு திறந்தது, பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவள் குடையை எடுக்கவில்லை. அழுகை இல்லை, அடம் இல்லை. தாய் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டப் பார்த்தாள், கை வந்தது, கால் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் முகம். எதற்கோ காத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது, எதற்கு என்று தெரியவில்லை.

11. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றாள் தாய், பழையதைப் போட்டுப் பார்த்தாள். மண்டபத்துக்கு மாட்டின புதுத் திரை பிடிக்கவில்லை என்றான் கிட்டார் தம்பி, ஏணி போட்டுக் கழற்றினான். செயலாளர் தன் கைச் சோப்பை மாற்றியிருந்தாளாம், உள்ளங்கையில் மருந்துக் கடை வாசனை அடிக்கிறதோ என்று பழைய சோப்புக்குத் திரும்பினாள். நான் என் கடைக்கு மேலே சிவப்பு தார்ப்பாய் கட்டியிருந்தேன், நிழல் மாறியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லி, அதை அவிழ்த்து மூன்று நாள் வெயிலில் காய்ந்தேன். என் யோசனையும் குப்பைதான். போதகர் மட்டும் தெருவைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் ஒரு கைக்குடையை ஊன்றிக்கொண்டு அவள் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். 'என்ன தெரிஞ்சுது?' என்று கேட்டேன். 'சந்தைப் பக்கம் பார்க்கறா. அவ்வளவுதான் தெரிஞ்சுது' என்றார். நாங்கள் எல்லாரும் சந்தைப் பக்கம் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லாததுதான் விஷயம் என்று எங்களுக்கு ஏறவில்லை.

12. செய்தி வாசிப்பவரும் சும்மா இல்லை. உள்ளே அவன் பாய் குடைக்காரி பாய்க்குப் பக்கத்துப் பாய். வேறு யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நகர்ந்துவிடுவான். ஒவ்வொரு வாரமும் காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, 'குடை இன்றும் உள்ளே வரவில்லை. காரணம் அறிவிக்கப்படவில்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான்.

13. இதற்கு நடுவில் எனக்கு ஏற்பட்ட பாதிப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது, காரணம் பின்னால் வரும். பக்கத்தில் ஒரு குழந்தை அப்படி நின்றால் கை வேலையில் நிற்காது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்ததில், போதகருடைய அந்தப் புது வெள்ளை அங்கியில் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. நெஞ்சுக்கு நேராகப் பழுப்பு முக்கோணம். அவர் அதையே போட்டுக்கொண்டு ஆராதனை நடத்தினார். கேட்டவர்களிடம் 'எதிர்க் கடைக்காரர் கையெழுத்து' என்றார். என் கையெழுத்து என்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

14. தங்கள் வழக்கமான ஓட்டுநர் லீவில் போய் மாற்று ஓட்டுநர் வந்தது, கிட்டார் தம்பி கட்டம் போட்ட சட்டையில் வந்த ஞாயிறு. மாற்று ஓட்டுநருக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. பாவம், பழைய வழக்கப்படி பாட்டைப் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கமிருந்து வந்தார். நான் தலை நிமிரவில்லை, வண்டி வருகிறது, அவ்வளவுதான். தூங்காமல் முக்காலியில் உட்கார்ந்திருந்த தாய் என் கையைத் தட்டினாள். குடைக்காரி வாயை மூடியபடி தொண்டைக்குள் பாட்டைக் கூடவே முனகிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் பாட்டு விக்கியது. அவளும் விக்கினாள், ஒரு மூச்சு விட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து மீதியைத் தொடர்ந்தார்கள். வண்டி மண்டபத்தைத் தாண்டியது, முனையில் திரும்பியது, பாட்டு நின்றது. குடை கல்லை விட்டு எழுந்தது. தெருவைத் தாண்டினாள், உள்ளங்கையைக் கைப்பிடியால் தொட்டாள், உள்ளே போய்விட்டாள்.

15. செயலாளர் நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே நின்றாள். தாய், 'வீட்டுல ராத்திரியெல்லாம் விக்கி விக்கி ஒண்ணு முனகுவா பெரியவரே. விக்கல்னு தண்ணி கொடுத்துட்டிருந்தேன்' என்றாள். சிரிக்கவும் செய்தாள், முந்தானையால் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மணி எப்படியோ, அவளுக்கு அந்தப் பாட்டு அப்படி. பாட்டு வந்து, போய், முனையில் முடிந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறது. மணி அடிக்காமல் எந்தப் பிள்ளை வகுப்புக்குள் போகும்? அவளுக்கு நாங்கள் வைத்த வரவேற்பையெல்லாம் விட, தங்கள் வண்டி வைத்த வரவேற்புதான் நாள் தவறாமல் நடந்திருக்கிறது.

16. பாட்டுதானே வேண்டும், நாங்களே போட்டுக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். அடுத்த ஞாயிறு வழக்கமான ஓட்டுநர் சத்தமில்லாமல் வந்து போனதும் செயலாளர் போனில் அதே பாட்டைப் போட்டாள். விக்க வேண்டிய இடத்தில் அது விக்கவில்லை, வழவழவென்று ஓடிவிட்டது. குழந்தை போனைத் திருப்பிப் பார்த்தாள், பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது போலச் செயலாளர் கையில் வைத்துவிட்டாள். பிறகு கிட்டார் தம்பி பெரிய ஸ்பீக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு, சந்தைப் பக்கமிருந்து வண்டி போல மெல்ல ஓடி வந்தான். விக்குகிற இடத்தில் தானே விக்கிக் காட்டினான். தெருவில் சிரிக்காதவர் இல்லை. ஒரு வீட்டுக்கார அம்மா பழக்க தோஷத்தில் குப்பை வாளியோடு வெளியே வந்து அவனிடம் நீட்டினாள், அவனும் வாங்கிக்கொண்டான். குழந்தை மட்டும் அவன் காலைப் பார்த்தாள், சந்தைப் பக்கம் பார்த்தாள், குடையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். அவளை ஏமாற்ற முடியாது ஐயா. ஏமாற்றப் பார்த்தது தப்பு என்று அந்தத் தம்பியே அப்புறம் சொன்னான்.

17. செயலாளரும் போதகரும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாங்கள் சுற்றுப் பயணத்தில் இருந்தீர்கள். கீழே இருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தவர்களே போடச் சொல்லி மனு கொடுத்தால் கோப்பு நிற்காது, உத்தரவால் பாதிக்கப்பட்ட வேறு யாராவது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். குழந்தையின் தாய் வேறு வட்டத்தில் குடியிருக்கிறவள், அவள் கொடுத்தாலும் செல்லாதாம். பாதிக்கப்பட்டவர் யார் என்று தெருவில் தேடினார்கள். பத்தி 13-ஐப் பார்க்கவும். அங்கி கருகியதற்கு நான் இந்த உத்தரவைத்தான் பொறுப்பாக்குகிறேன்.

18. மனு எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் ஒரு சிக்கல் வந்தது. பாட்டு வேண்டும் என்று எழுதினால் செய்தி வாசிப்பவர் மறுபடி கீபோர்டுக்கு அடியில் போவான். ஒரு பிள்ளையை உள்ளே அழைக்க இன்னொரு பிள்ளையை வெளியே தள்ளுவதா? செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டாள். 'என்னால முடியாது தாத்தா. நான் எழுதினாலே யாராவது வெளியில நிக்கறாங்க' என்றாள். போதகர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பட்டுக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு, ஒரே மேசையில் இரண்டையும் தேய்ப்பதில்லையா என்று நான் ஆரம்பித்தேன். நான் எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறேன் என்று கிட்டார் தம்பி நிறுத்திவிட்டான். அப்போதுதான் செய்தி வாசிப்பவரையே இன்னும் கேட்கவில்லை என்று, கூட இருந்த அவன் அம்மாவுக்குத் தோன்றியது. முதல் நாள் செய்த தப்பையே திரும்பச் செய்துகொண்டிருந்தோம், பிள்ளையை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு நல்லது செய்கிற தப்பு.

19. கூப்பிட்டுக் கேட்டோம். அவன் காதடைப்பானைக் கழற்றினான். யோசித்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்: 'போகும்போது ஒலிக்கலாம். திரும்பும்போது ஒலிக்கக் கூடாது. போகும் பாட்டு வருவது எனக்குத் தெரியும். திரும்பும் பாட்டு சொல்லாமல் வருகிறது. நான் முன்னதாகவே வந்து பின் அறையில் இருப்பேன். குடை உள்ளே வரலாம்.' சொல்லிவிட்டுக் காதடைப்பானை மாட்டிக்கொண்டு போய்விட்டான். செயலாளர் மூடின பேனாவைத் திறந்தாள். போதகர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன், ஆட்டிப் பார்த்தால் கைதட்டுவதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

20. ஆகவே எங்கள் வேண்டுதல் மூன்று. முதலாவதை அந்தப் பையன் சொன்னபடியே வைக்கிறோம், இதைவிடத் தெளிவாக எங்களில் யாருக்கும் சொல்ல வரவில்லை.

(அ) ஞாயிறு மாலை மண்டபத் தெருவில் குப்பை வண்டி போகும்போது ஒலிக்கலாம். திரும்பும்போது ஒலிக்கக் கூடாது.

(ஆ) மேற்படி வண்டியின் கிழிந்த ஒலிபெருக்கியைத் தயவு செய்து பழுது பார்க்க வேண்டாம். பழுது பார்க்காதீர்கள் என்று இதுவரை யாரும் தங்களிடம் மனு கொடுத்திருக்கமாட்டார்கள், தெரியும். என்றைக்காவது வண்டியையோ ஒலிபெருக்கியையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், திடீரென்று மாற்றாமல் எங்களுக்கு முன்னதாகச் சொல்லியனுப்பவும். குழந்தைக்குப் புதுப் பாட்டைப் பழக்க வழி தேடிக்கொள்கிறோம். விக்குகிற இடத்தை அவளே பார்த்து வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வாள்.

(இ) உத்தரவை மீறிப் பாட்டுப் போட்டதாக மாற்று ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருப்பதாக அறிகிறோம். எங்கள் தெருவில் இருந்தே யாரோ போன் செய்திருக்கிறார்கள். விளக்கம் மேலே பத்தி 14-இல் இருக்கிறது. அதையே அவருடைய விளக்கமாக எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட வேண்டும். அவர் தெரியாமல் செய்தது, நாங்களெல்லாம் தெரிந்து செய்தவற்றைவிடச் சரியாக இருந்தது.

21. அவசரம் எதற்கு என்றால், குழந்தையின் தாய் நேற்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். 'வர்ற ஞாயிறு ஒரு தடவை பார்ப்பேன் பெரியவரே. அப்புறம் கூட்டிட்டு வரமாட்டேன். உள்ள அவளுக்கு இடம் இருக்கு, அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் வாசல்ல நிக்கறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.' அவள் பாய் இன்னும் அந்த இடத்திலேயே விரித்திருக்கிறது. பாட்டுப் புத்தகங்களை இவர்கள் அடுக்காமல் அப்படியே குவித்து வைத்திருக்கிறார்கள், அவள் வந்து அடுக்கட்டும் என்று. பாடும்போது ஆளாளுக்கு ஒரு பக்கம் தேடுகிறார்கள்.

22. இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து என் பெருவிரலில் ரேகை தேய்ந்துவிட்டது. கீழே வைத்திருப்பது மங்கலாக இருந்தால் மை குறைவு என்று திருப்பி அனுப்ப வேண்டாம், விரல் அப்படித்தான்.

23. இந்த மனுவுக்குத் தாங்கள் பதில் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. எனக்குப் படிக்க வராது. அந்தக் குழந்தையும் கடிதத்தைப் பார்த்து உள்ளே போகமாட்டாள். வருகிற ஞாயிறு மாலை அவள் குடையை ஊன்றிக்கொண்டு என் மேசைப் பக்கத்தில் நிற்பாள். அவள் தாய் முக்காலியில் இருப்பாள். செய்தி வாசிப்பவர் பின் அறையில் இருப்பான், செயலாளர் கையை நீட்டிக்கொண்டு வாசலில் இருப்பாள். நாங்கள் எல்லாரும் சந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். தங்கள் பதில் அந்தப் பக்கமிருந்து வரட்டும். நடுவில் ஒரு தடவை விக்கினால் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

தங்கள் தயவை எதிர்பார்த்து,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
இஸ்திரிக் கடைக்காரர்

சொன்னதைச் சொன்னபடி எழுதியவர்: செயலாளர், வாலிபர் கூட்டம். (பத்தி 18-இல் என்னைப் பற்றி உள்ளதை எடுத்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டார்.)

இடம்: மண்டபத் தெரு
நாள்: திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்